வண்டிக்கு விதி உண்டு, ஓட்டுநருக்குப் பள்ளி எங்கே?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன்பு, மே மாதத்தில், பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். போக்குவரத்துத் துறை, காவல்துறை, வருவாய்த்துறை, கல்வித்துறை என்று ஒரு குழுவே வரும். அவசர வழி திறக்கிறதா, தரைப் பலகை உறுதியாக இருக்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டுநரின் உரிமத்தையும் வாங்கிப் பார்ப்பார்கள். பல ஊர்களில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனையும் நடக்கும். "குழந்தைகளை ஏற்றிச் செல்வது எப்படி என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்ற கேள்விக்கு மட்டும் அந்த மைதானத்தில் இடமில்லை. சிமெண்டு மூட்டை ஏற்றுகிறவருக்கும் ஐம்பது பிள்ளைகளை ஏற்றுகிறவருக்கும் நம் நாட்டில் ஒரே உரிமம்தான்.

விதிகள் வந்த வரலாற்றைப் பாருங்கள். 1997 நவம்பர் 18 அன்று டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் கனரக வாகனம் ஓட்டி 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்றது. 2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தலையிட, தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பின்னால் எடுத்த வேனில் சிக்கி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வண்டியில் ஒரு பொருள் கூடியிருக்கிறது. அந்தப் பொருள்கள் தேவைதான். ஆனால் ஓட்டுநரைப் பொறுத்தவரை நாம் இன்னும் 1997இன் அந்த "5 ஆண்டு அனுபவம்" என்ற இடத்திலேயே நிற்கிறோம். அனுபவம் என்பது ஒருவர் எத்தனை நாள் ஓட்டினார் என்பதைச் சொல்லும். எதைக் கற்றார் என்பதைச் சொல்லாது.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. அந்த 5 ஆண்டு எங்கே கிடைக்கிறது?

தேனி மாவட்டம் கூடலூரை எடுத்துக்கொள்வோம். விடியும் முன்பே இந்த வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலையேறுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். அந்தத் தெருக்களிலிருந்து ஓர் இளைஞன் ஓட்டுநராக வேண்டுமானால் பழைய வழிதான்: கிளீனராகப் போக வேண்டும், டிரைவர் மனம் வைத்தால் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். யாரைக் கிளீனராகச் சேர்ப்பது, யாரிடம் வண்டியை நம்பிக் கொடுப்பது என்பதெல்லாம் சொந்தம், சாதி, தெரு பார்த்தே முடிவாகிறது. லாரியோ பஸ்ஸோ வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்கு அனுபவச் சான்று அப்பாவின் லெட்டர்பேடில் கிடைக்கும். ஜீப்பில் மலையேறியே வயதைக் கழித்தவனுக்கு அந்தக் கணக்கை எழுதித் தர யார் இருக்கிறார்கள்? எழுதித் தந்தாலும், ஜீப் ஓட்டியது கனரக அனுபவமாகாது.

வாசலைக் கொஞ்சம் திறந்த முடிவுகளும் உண்டு. போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை ஒன்றிய அரசு 2019இல் நீக்கியது. படிப்பைக் காட்டிப் பிழைப்பைப் பறித்த விதி அது, போனது நல்லது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதுவும் உழைப்பவருக்கு ஆறுதல்தான். ஆனால் வாசலைத் திறந்த அரசு, உள்ளே வந்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. அந்தப் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட்டது.

2021 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகள் இதற்குச் சான்று. மையத்துக்குச் சிமுலேட்டர், ஓட்டுதளம் எல்லாம் வேண்டும். கனரகப் பயிற்சிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறார்கள். பாடத்திட்டம் என்ற அளவில் இது முன்னேற்றம். ஆனால் கனரகப் பயிற்சி மையம் நடத்தக் குறைந்தது 2 ஏக்கர் நிலம் காட்ட வேண்டும். முல்லைப் பெரியாறு பாயும் இந்தப் பள்ளத்தாக்கில் சாலையோரம் 2 ஏக்கர் யாரிடம் இருக்கிறது, யாரிடம் ஒரு சென்ட்கூட இல்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. நிலம் வைத்திருப்பவர் மையம் வைப்பார், பணம் வைத்திருப்பவர் சேர்வார். அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரகப் பயிற்சி தரும் கும்மிடிப்பூண்டியோ கூடலூருக்கு மாநிலத்தின் மறுகோடி. தினக்கூலியை விட்டுவிட்டு ஆறு வாரம் அங்கே போய்த் தங்க யாரால் முடியும்?

அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாகப் பள்ளிப் பேருந்து ஓட்ட வருகிறவர் அரசுப் பதிவேட்டில் உள்ள மையத்தில் பயிற்சி முடித்தால்தான் தேர்வுக்கே போக முடியும். குழந்தைகளை ஏற்றி இறக்குவது, வண்டியைச் சுற்றியுள்ள ஆபத்தான இடங்கள், ரயில்வே கேட்டைக் கடப்பது, அவசரத்தில் பிள்ளைகளை வெளியேற்றுவது எல்லாம் அதில் பாடம். அங்கும் ஓட்டை உண்டு. தகுதி இருப்பதாக மையங்களே தமக்குத் தாமே சான்று சொல்லிப் பதிவேட்டில் சேரலாம். ஆகவே பாடத்திட்டத்தோடு, அங்கீகாரம் கொடுப்பவர் நேரில் போய்ப் பார்ப்பதும் அவசியம்.

நம் பாடத்தில் நம் ஊர் இருக்க வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் திண்டுக்கல்–குமுளி சாலையை அடைத்துக்கொண்டு போகும். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிக்காரர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் கார் கவிழ்ந்து இறந்தார்கள். இந்தச் சாலையில் பள்ளி வண்டி ஓட்டப் போகிறவருக்கு இதையெல்லாம் வகுப்பில் சொல்லியாக வேண்டும்.

சாதியும் பாடமாக வேண்டும். தென்மாவட்டங்களில் பேருந்து எப்போது சாதி இல்லாமல் ஓடியது? 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை அரசு எடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் போன தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது நீதியரசர் சந்துரு குழு. அந்தக் கயிறு கட்டிய கைகள் பள்ளி வண்டியிலும்தான் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் இல்லை. ஓட்டுநரும் உதவியாளரும்தான் பெரியவர்கள். சன்னலோர இருக்கை யாருக்கு, எந்தத் தெருவுக்குள் வண்டி போகும், எந்தத் தெருப் பிள்ளை மெயின்ரோடு வரை நடந்து வர வேண்டும் என்பவற்றில் அவர்களுக்கும் பங்கிருக்கிறது. அவர்களுக்கு யாரும் எதுவும் கற்பிக்கவில்லை என்றால் ஊர் கற்பித்ததையே செய்வார்கள்.

"தரத்தை உயர்த்தினால் அடிபடுவது நம் பையன்கள்தானே?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம். தரத்தின் பெயரால் நம்மை வெளியே நிறுத்திய அனுபவம் நமக்கு நிறையவே உண்டு. ஆனால் அந்த வண்டிக்குள் இருப்பதும் நம் பிள்ளைகள்தான். பயிற்சியின்மை ஓட்டுநரையும் காப்பதில்லை. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தபோது, வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால்தான் கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் ரயில்வே முதலில் சொன்னது. கைதானதோ கேட் கீப்பர். பழி தேடும் விரல் முதலில் ஓட்டுநரை நோக்கியே நீள்கிறது. முறையான பயிற்சியும் சான்றும் பெற்றவர், "பிரேக் சரியில்லை, வண்டியை எடுக்க மாட்டேன்" என்று தாளாளரிடம் துணிந்து சொல்லலாம். அப்படிச் சொன்னவரை வேலையை விட்டு நீக்க முடியாது என்று விதியும் இருக்க வேண்டும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் தனிப் பாடத்திட்டம் வேண்டும். உத்தமபாளையம் வட்டத்திலேயே புறம்போக்கு நிலத்தில் அரசு பயிற்சி மையம் வேண்டும். கட்டணம் கூடாது, பயிற்சிக் காலத்துக்குத் தினக்கூலிக்கு ஈடான உதவித்தொகை தாட்கோ வழியாகத் தரப்பட வேண்டும். சேர்க்கையில் இடஒதுக்கீடு வேண்டும். மலைச்சாலையில் ஜீப் ஓட்டியவர்களின் திறனை நேரடித் தேர்வு வைத்துக் கணக்கில் எடுக்க வேண்டும். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதைப் பள்ளிகளின் உரிமத்தோடு இணைக்க வேண்டும்.

அடுத்த மே மாதம் சோதனைக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, நம் இளைஞர்கள் மைதானத்துக்குப் போய் அதிகாரிகளிடம் ஒன்றைக் கேட்கலாம்: வண்டியைப் பார்த்துவிட்டீர்கள், ஓட்டுநருக்கு எப்போது பள்ளி திறப்பீர்கள்?