நாய்க்கடி ஊசிக்குப் பின்னால் ஒரு பொடி: 'கல்ச்சர் மீடியா' என்றால் என்ன?

வில்லியனூரிலோ பாகூரிலோ தெருநாய் கடித்தால் என்ன செய்வோம்? காயத்தை சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு சுகாதார நிலையத்துக்கு ஓடுவோம். 0, 3, 7, 28 என நாள் குறித்து ஊசி போடுவார்கள். அந்த மருந்தைத் தயாரிக்க முதலில் தேவைப்படுவது ஒரு பொடி.

ரேபிஸ் வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். முன்பு ஆட்டு மூளையில் வளர்த்தார்கள். 'தொப்புளைச் சுத்தி 14 ஊசி' என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவது அந்த மருந்தைத்தான். சிலருக்கு நரம்பு பாதிப்பும் வந்தது. 2004 இறுதியில் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது 'வெரோ' செல்லில் வைரஸை வளர்க்கிறார்கள். 1962-ல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் இது. இன்னும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கிறது!

செல்லுக்கு என்ன சாப்பாடு?

அமினோ அமிலம், வைட்டமின், குளுக்கோஸ், உப்புகள். இதில் எதெல்லாம் கட்டாயம் வேண்டும் என்று தேடிய அமெரிக்க விஞ்ஞானி ஹாரி ஈகிள், 1959-ல் கொடுத்த கலவை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஏன் பொடி?

கலந்த மீடியாவில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஈகிள் கலவையில் 10 லிட்டருக்கு சுமார் 100 கிராம் பொடி போதும். திரவத்தில் குளுட்டமின் சீக்கிரம் சிதையும். பொடியில் நீண்ட நாள் தாங்கும். ஆனால் ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். நம்ம கடலோரக் காற்றில் டப்பாவைத் திறந்து போட்டால் அவ்வளவுதான்.

தண்ணியில கலக்கினா போதுமா?

போதாது. மிகத் தூய்மையான நீர் வேண்டும். சோடியம் பைகார்பனேட்டைத் தனியாகச் சேர்த்து, அமில-கார அளவைச் சரிசெய்ய வேண்டும். கொதிக்க வைத்தால் சத்து கெடும். அதனால் பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடிகட்டுகிறார்கள். வழக்கமாக கன்றின் சீரமும் சேரும். கலவையில் ஒரு நிறமி உண்டு: சிவப்பு மஞ்சளானால், பழைய மீடியாவை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சிக்கல் எங்கே?

2021 ஏப்ரல் 16-ல், தடுப்பூசி மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்குங்கள் என்று அமெரிக்க அதிபர் பைடனிடம் சீரம் நிறுவனத் தலைவர் அதார் பூனாவாலா ட்விட்டரில் கேட்டது நினைவிருக்கும். தட்டுப்பாட்டுப் பட்டியலில் செல் கல்ச்சர் மீடியாவும் இருந்தது.

மும்பையின் ஹைமீடியா போன்ற இந்திய நிறுவனங்களும் இந்தப் பொடியைத் தயாரிக்கின்றன. அப்புறம் என்ன, மாத்திக்கலாமே? ஆலைகளால் அப்படி உடனே மாற்ற முடியாது. மீடியா மாறினால் செல் வளரும் விதமும் மாறலாம். மருந்து பழையபடியே இருக்கிறது என்று சோதித்துக் காட்டி, அனுமதி வாங்கிய பிறகுதான் புதுப் பொடியில் தயாரித்த ஊசி பாகூர் வரை வரும்.