ஒட்டுது... ஆனா நிக்குமா?

சிம்போசியத்துக்கு முந்தின நாள், நைட் ஒரு மணி. டிபார்ட்மென்ட் வாசல்ல பேனரை ஒட்டி, நாலு மூலையையும் அழுத்திவிட்டு, 'சூப்பர் மச்சி'ன்னு தூங்கப் போவோம். காலையில சீஃப் கெஸ்ட் வரும்போது பேனர் தரையில கிடக்கும். 'டேப் சரியில்லை சார்'னு சமாளிப்போம். ஆனா கடையில தொட்டுப் பார்த்தப்போ விரல்ல கப்புனு பிடிச்சுதே பாஸ்?

மேட்டரே அங்கேதான் இருக்கு. தொட்டதும் பிடிக்கிறது ஒரு குணம், அதுக்குப் பேர் டாக். உரிக்கும்போது முரண்டு பிடிக்கிறது பீல். பாரத்தோட நழுவாம நிக்கிறது ஷியர். லேப்ல மூணையும் தனித்தனியாத்தான் அளக்கிறாங்க.

டாக் டெஸ்ட் கோலி விளையாட்டு மாதிரி. சுமார் 11 மில்லிமீட்டர் ஸ்டீல் குண்டு ஒண்ணைச் சின்ன சரிவில் உருட்டி, பசைப் பக்கம் மேலே இருக்கிற டேப்ல ஓடவிடுவாங்க. எவ்வளவு தூரத்துல நிக்குதோ, அதுதான் அளவு. ரேங்க் மாதிரி, நம்பர் குறைஞ்சா கெத்து.

பீல் டெஸ்ட்தான் கொஞ்சம் வம்பு பிடிச்சது. ஸ்டீல் தகட்டுல டேப்பை ஒட்டி, மேலே 2 கிலோ ரப்பர் உருளையை ஓட்டணும். கையால தேய்க்கக் கூடாது. உங்க கட்டைவிரலும் என் கட்டைவிரலும் ஒரே மாதிரி அழுத்தாதே! அப்புறம் முனையை 180 டிகிரி மடக்கி, நிமிஷத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்துல மெஷின் உரிக்கும். தேவைப்பட்ட விசையை நியூட்டன்ல குறிச்சுப்பாங்க. வேகத்தை ஏன் ஃபிக்ஸ் பண்ணணும்? பசை பாதி திரவம், பாதி ரப்பர். மெதுவா இழுத்தா நெகிழ்ந்து கொடுக்கும். வெடுக்குனு இழுத்தா விறைச்சுக்கும். கோணம் மாறினாலும் நம்பர் மாறும். ஒட்டி நேரமாக ஆக, பொதுவா பிடிப்பும் கூடும். அதனால வெறும் '5 நியூட்டன்'னு சொன்னா அது அரைகுறைத் தகவல். வைவாவுல மாட்டிப்பீங்க. அப்புறம் ஸ்டீல்ல வர்ற நம்பர் நம்ம சுண்ணாம்புச் சுவருக்குச் செல்லாது. அங்கே பசை பிடிக்கிறது சுவரை இல்ல, மேலே இருக்கிற தூளை.

ஷியருக்கு 25க்கு 25 மில்லிமீட்டர் அளவு மட்டும் தகட்டுல ஒட்டி, செங்குத்தா நிறுத்தி, 1 கிலோ எடையைத் தொங்கவிட்டு, விழற வரைக்கும் டைம் பார்ப்பாங்க.

'மூணுலயும் சென்டம் வாங்குற டேப் பண்ணலாமே'னு தோணும். முடியறது கஷ்டம். பசையை இளக்கினா டாக் ஏறும், ஷியர் இறங்கும். இறுக்கினா நேர் எதிர். ஆஸ்பத்திரி டேப்பை யோசிச்சுப் பாருங்க. டிரிப்ஸ் ஊசி நழுவக் கூடாது. அதே சமயம் உரிக்கும்போது, வயசான பாட்டியோட மெல்லிய தோலும் சேர்ந்து உரிஞ்சு வரக் கூடாது. ரொம்ப நல்லா ஒட்டுற டேப் அங்கே காயம்தான் பண்ணும்.

ஷியர் டெஸ்ட்டை ஹாஸ்டல்லயே பண்ணிப் பார்க்கலாம். உங்க எவர்சில்வர் தட்டும் லேப் தகடு மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவித் துடைச்சு, செங்குத்தா கட்டி வைங்க. ஓரங்குல டேப்பை ஓரங்குல நீளத்துக்கு மட்டும் ஒட்டி, மிச்ச முனையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைத் தொங்கவிடுங்க. ரெண்டு பிராண்டை ஒரே நேரத்துல தொங்கவிட்டா இன்னும் ஜாலி. கீழே தலையணை வைக்க மறந்துடாதீங்க. ரூம்மேட்டோடது பெஸ்ட்.