தோட்டத்துக்கு ரைபிள் வேண்டாம், ஒற்றைக்குழலைக் கேளுங்கள்!



மக்காச்சோளம் எப்போது பால் பிடிக்கும், கடலை எப்போது முற்றும் என்கிற கணக்கு நம்மைவிட காட்டுப்பன்னிக்கு நல்லாத் தெரிகிறது. ஒரு ராத்திரி கூட்டமாகப் புகுந்தால் அரை ஏக்கர் மரவள்ளி மண்ணோடு போச்சு. வரப்பைச் சுத்திச் சேலை கட்டினோம், தலைமுடி தூவினோம், தகர டப்பா தட்டினோம், பரண் போட்டுக் கண் முழித்தோம். எதற்கும் பன்னி மசியவில்லை. சிலர் திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பி இழுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன, விவசாயி கைதானார். ராத்திரி மடை திருப்பப் போகிற நம்ம பிள்ளையும் அதே கம்பியில்தான் கால் வைப்பான்.

இதனால்தான் "ஆளுக்கொரு ரைபிள் லைசென்ஸ் வாங்கிக் குடுங்க" என்று ஊருக்கு ஊர் கேட்கிறார்கள். பாதுகாப்பு கேட்பது நியாயம். ஆனால் கேட்கிற சாமான் சரியில்லை.

ரைபிள் என்பது குழலுக்குள்ளே மரை போட்டது. ஒரே குண்டு, சுழன்றுகொண்டு போகும். சின்ன .22 குண்டே ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போகும். .315 அதற்கும் வெகுதூரம் போகும். நம்ம தோட்டத்தில் இருநூறு அடி தள்ளி அண்ணன் சாளை, அதைத் தாண்டி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. ராத்திரி பேட்டரி லைட் வெளிச்சத்தில் பன்னிக்குக் குறி வைத்துத் தவறினால் குண்டு எங்கே போய் நிற்கும்? .22 பட்டாலும் பன்னி லேசில் சாகாது. காயம்பட்ட பன்னி ஆளைக் கிழித்துவிடும். ஏர்கன்னுக்கும் இதே பேச்சுதான், அது காக்காய் விரட்டத்தான் ஆகும்.

சரி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி? அதிகாரிகள் பயிர்ப் பாதுகாப்பு என்றதும் அதைத்தான் நீட்டுவார்கள். கரிமருந்து கொட்டி, நார் அடைத்து, குண்டு போட்டு, கம்பியால் குத்தி, கேப்பு மாட்டி வெடிக்க வேண்டும். பன்னி வருவதோ தூறல் ராத்திரியில். மருந்து நமுத்தால் 'புஸ்'தான். ஒரு வெடி போட்டு மறுபடி கெட்டிப்பதற்குள் பன்னிக்கூட்டம் அடுத்த பாத்திக்குப் போயிருக்கும். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று பார்வைக்குத் தெரியாது. குழந்தைகள் நடமாடுகிற வீட்டுக்கு ஆகாத சாமான் அது.

சிறு விவசாயிக்கு எல்லாத்துக்கும் தோதானது 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழல் வழவழப்பானது, நடுவில் மடித்துத் தோட்டா போடுவது. மடித்ததும் குழல் காலியா என்று கண்ணால் பார்த்துவிடலாம். தோட்டா லேசில் நமுக்காது. விரட்டுவதற்குச் சின்ன ரவை, பெரிய மிருகத்துக்கு எல்.ஜி., எஸ்.ஜி. என்று தோட்டாவை மாற்றினால் ஒரே துப்பாக்கி பல வேலைக்கு ஆகிறது. முப்பது நாற்பது கெஜத்துக்குள் வேலை செய்யும். அதைத் தாண்டிப் போகிற ரவைக்கும் ரைபிள் குண்டின் தூரம் கிடையாது. இரட்டைக்குழல் இன்னும் நல்லதுதான், ஆனால் எடையும் விலையும் கூட. விரட்டச் சுடும்போதும் வானத்தைப் பார்த்துச் சுடாதீர்கள். ஆள் இல்லாத பக்கம், மண் கரையைப் பார்த்துச் சுடுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 13(3)-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி உரிமம் தர வேண்டும் என்கிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்பான வேறு துப்பாக்கிக்குத் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ரைபிளுக்கு அப்படி இல்லை, தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும். ஆக, ரைபிள் கேட்டு மனு போடுகிறவர் தானே அதிகாரி கையில் மறுப்பை எழுதிக் கொடுக்கிறார்!

"உனக்கு இருக்கிறதே ஒண்ணரை ஏக்கர், துப்பாக்கி எதுக்கு?" என்று கேட்டு மனுவைத் தள்ளுகிறார்களா? போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து, கேட்டால் சுருக்கமாக எழுதித் தர வேண்டும். (பொது நலன் என்று சொல்லித் தராமல் இருக்கவும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்.) 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

உரிமம் கிடைத்தால் பன்னியைச் சுடலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு மேல் வனத்துறையினர் சுடலாம். நாம் சுட அதில் இடமில்லை. 2022-இல் கேரளா உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டே சுட வழி செய்தது. வாளையாறு தாண்டினால் முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது? இதுதான் நம் முதல் கோரிக்கை. நாளைக்கு அந்த உத்தரவு வரும்போது கையில் உரிமம் உள்ளவன்தான் வரிசையில் நிற்க முடியும்.

இன்னொன்று, தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024-இல் நடத்தை விதி மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை நீண்டது. பன்னிக்கு நடத்தை விதி கிடையாதே! வழக்கு வில்லங்கம் எதுவும் இல்லாத விவசாயிகளுக்கு விலக்கு தர வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பக்கம் மட்டும் போகாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம் ஜெயில்.

21 வயது நிரம்பியவர்கள் பட்டா, சிட்டா, அடங்கல் நகல், பன்னி அழித்த வெள்ளாமையின் போட்டோ, வி.ஏ.ஓ. சான்று ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். மனுவில் "12 போர் ஒற்றைக்குழல்" என்றே எழுதுங்கள். வாய்வழித் துப்பாக்கி ஏன் போதாது என்பதை நான்கு வரியில் சொல்லுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அத்தனை மனுவையும் சேர்த்துக் கலெக்டர் கையில் கொடுக்கிறோம். ஏற்கெனவே காரணம் சொல்லாமல் தள்ளப்பட்ட மனு இருந்தால் அதன் நகலும் ரசீதும் கட்டாயம் கொண்டு வாருங்கள்.