தாமாகவே திருந்துவார்களாம்!

மாந்த உரிமையைக் காக்குமாறு பெருநிறுவனங்களைச் சட்டத்தால் கட்டுதல் வேண்டா, அறிவுறுத்தினாலே போதும், அவை தாமாகவே திருந்திக்கொள்ளும்! ஐரோப்பிய முதலாளியர் கூட்டமைப்புகள் ஆண்டுக்கணக்கில் பாடிவரும் பாட்டு இது. இப்பாட்டு எத்துணை மெய்யென ஆய்ந்து பார்த்த நாடொன்று உண்டு. அது செருமனி.

2016-இல் அந்நாட்டரசு ஒரு செயற்றிட்டம் வகுத்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட நிறுவனங்களுள் பாதியேனும், தமக்குப் பொருள் செய்துதரும் ஆலைகளில் உரிமை மீறல் உண்டா என்பதை 2020-க்குள் தாமே ஆராய்ந்து ஆவன செய்தல் வேண்டும். இன்றேல் சட்டம் இயற்றுவதும் எண்ணப்படும் என்றது. கெடு முடிந்தது. தேறியவை 13 முதல் 17 விழுக்காடே! இத்தனைக்கும், வினாக்களுக்கு விடையெழுதியவர் அந்நிறுவனத்தாரே. தம் தாளைத் தாமே எழுதியும் தோற்றவர் இவர். 2021-இல் சட்டம் இயற்றப்பெற்றபொழுதும், சுமை, செலவு, போட்டியிட இயலாமை என்று முதலாளியர் கழகங்கள் கூக்குரலிட்டன.

தாமாகத் திருந்துவதன் விளைவைக் கராச்சி கண்டது. அலி என்டர்பிரைசசு என்னும் ஆடையாலை 2012 செபுதம்பர் 11-இல் எரிந்தது. பலகணிகளில் கம்பி; வெளிவாயில்களில் பூட்டு. 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர்தான், இத்தாலியக் குழுமம் ஒன்று அவ்வாலைக்கு நற்சான்று வழங்கியிருந்தது! அங்குப் பெரும்பகுதி வாங்கியது செருமனியின் ‘கிக்’ நிறுவனம். 2016-இல் அது 51½ இலக்கம் தாலர் தர உடன்பட்டது. ஆனால், பொறுப்பேற்கச் செய்யத் தொடுத்த வழக்கு, காலங்கடந்ததென்று 2019-இல் தார்ட்டுமுண்டு முறைமன்றத்தில் தள்ளுபடியாயிற்று.

எல்லா நிறுவனங்களையும் ஒரே தட்டிலிட்டு நிறுத்தல் முறையன்று. 2025 தொடக்கத்தில் யூனிலீவர், மார்சு, பெரெரோ முதலியன, ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டத்தைக் குலைக்க வேண்டாவென எழுதின. இஃது அறத்தின்மேற் கொண்ட காதல் என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. செலவிடுபவன் செலவிடாதவனிடம் தோற்கலாகாது என்னும் வாணிகக் கணக்குத்தான். கணக்காயினும் நேரிய கணக்கு. மறுபுறம் எக்சான் மோபில் சட்டத்தையே நீக்குக என்றது.

வென்றவர் யார்? ஆயிரம் பணியாளரும் 45 கோடி யூரோ விற்றுமுதலும் உடைய நிறுவனங்களைத் தழுவிய சட்டம், 2025 திசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்பிய திருத்தத்தால், ஐயாயிரம் பணியாளர், 150 கோடி யூரோ என்று சுருங்கிற்று. தீங்குற்றோர் வழக்கிடுதற்கென ஒன்றியம் முழுமைக்கும் வகுத்த பொதுவிதி வெட்டுண்டது. நடைமுறையோ 2029 சூலைக்குத் தள்ளப்பட்டது.

நம் மண்ணுக்கும் இதில் தொடர்புண்டு. திண்டுக்கல் ஆடையாலையில் பணியாற்றிய பெண்ணொருத்தி கொலையுண்ட பின்னர், பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்பிரலில் ஆலையோடும் எச் அண்டு எம் நிறுவனத்தோடும் உடன்பாடு கண்டது. அது வெறும் நல்லெண்ண அறிக்கையன்று. ஆலை மீறினால் வாணிகத்தில் இழப்புறும் என்று அது வகுத்தது.

செருமானியச் சட்டம் முறையீட்டு வழி அமைத்தலையும் கடமையாக்கியது. திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் தைக்கும் நம் பெண்டிர் அம்முறையீட்டைத் தமிழில் எழுதவும், தமிழிலேயே விடைபெறவும் வழியுண்டா என்று ஒவ்வோர் ஆலை வாயிலிலும் நம் தோழர்கள் கேட்டறிதல் வேண்டும்.