நெட்டியும் சீட்டும்

அஞ்சுகிராமத்துக் குளக்கரையில் பறித்த நெட்டியைச் செய்தித்தாளில் அழுத்தி, அட்டையில் ஒட்டிவிட்டால் தாவரவியல் ஆகிவிடுமா? ஆகாது என்பேன். நீருக்குள் தடித்துத் தக்கையாய் நிற்கும் அடித்தண்டை, காய்ந்த நுனிக்கிளை காட்டாது. மஞ்சள் பூவும் நிறமிழக்கும். சீட்டுதான் சொல்ல வேண்டும். 1753-இல் லின்னேயஸ் சூட்டிய ஈஸ்கினோமீன் ஆஸ்பெரா என்ற பெயரோ எல்லா ஊருக்கும் பொது.

ஆனால் நம் ஏடுகளில் (என்னுடையதிலுந்தான்!) ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்பதோடு சரி. இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததே 1956 நவம்பர் 1-இல்தான். அதற்கு முந்திய நாஞ்சில் நாட்டுச் செடிகளைத் திருவாங்கூர் என்றே தேடியாக வேண்டும். குளத்தின் பெயரையும் எழுதியிருந்தால் இத்தொல்லை ஏது? நாளை குளம் தூர்ந்து நெட்டி அழிந்தால், அது இங்கே நின்றதற்கு வேறு சாட்சி ஏது?

ஆசிரியப் பெருமக்களே, செய்முறைத் தேர்வில் ஒட்டிய அழகுக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, சீட்டுக்குக் கூட்டித் தாருங்கள்.