மாடிப்படியைத் தின்ன கடைத்தெரு

போன சனிக்கிழமை ராத்திரி பெரியப்பா கடையில ஷட்டர் இறக்க ஒரு கை பிடிக்கப் போனேன். ஓசூர் எம்.ஜி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்துல பாத்திரக்கடை. எனக்கு வயசு இருபத்தெட்டு, கடைக்கு என்னை விட வயசு ஜாஸ்தி. மணி எட்டே முக்கால்தான். "இனிமே எவன்டா வரப்போறான்"னு கல்லாவைப் பூட்டிட்டார். சந்துல பாதிக் கடை ஏற்கனவே இருட்டு. அண்ணாந்து பார்த்தேன், ஒரு மாடியிலயும் லைட் இல்ல. அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

யாவாரிங்களைக் கேட்டா ரெண்டு வில்லனைச் சொல்லுவாங்க. ஒண்ணு ஆன்லைன், இன்னொண்ணு பார்க்கிங். பெரியப்பா பார்க்கிங் கட்சி. வண்டி விட இடம் இருந்தா பாகலூர் ரோட்டு ஜனமெல்லாம் இங்க வந்து குவிஞ்சிடுமாம். சாமி, கார் எடுத்தவன் அப்படியே ஹைவே ஏறி பெங்களூரு மால்லதான் போய் நிப்பான். தினம் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பொட்டி தட்டப் போற நானும் அதைத்தான் செய்யறேன் :(

கடைத்தெருவுக்கு வேண்டியது பார்க்கிங்கே கேட்காத கஸ்டமர், அதாவது அந்தத் தெருவுலயே தூங்கி எந்திரிக்கற ஆளு. குக்கர் கேஸ்கட் போச்சுன்னா லுங்கியோட இறங்கி வந்து வாங்கிட்டுப் போறவர். ராத்திரி பத்து மணிக்கு மருந்துக்கடையும் இட்லிக்கடையும் திறந்திருக்கக் காரணமா இருக்கறவர். நம்ம ஊர்ல கீழ கடை மேல வீடுங்கறது யாரும் புதுசா கண்டுபிடிக்கற விஷயமா என்ன? எனக்கு ஏழு வயசு ஆகற வரைக்கும் பெரியப்பா குடும்பமே கடைக்கு மேலதான் இருந்துச்சு. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூணுலயும் கீழ நடக்கற பேரத்தைக் கேட்டுக்கிட்டே மாடியில தூங்கியிருக்கேன்.

அப்புறம் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிப் போனாங்க. மாடி குடோன் ஆச்சு. அடுத்து பெரியப்பா செஞ்சதுதான் கொடுமை. கடையை அகலப்படுத்தறேன்னு தெருவுல இருந்து ஏறுற மாடிப்படியை இடிச்சு ஷோகேஸ் வெச்சார். இப்ப மேல போகணும்னா கடைக்குள்ள இரும்பு ஏணி. அந்தச் சந்துல முக்காவாசிக் கட்டடம் இப்படித்தான். மூணரை அடி படிக்கட்டைக் கடை தின்னுடுச்சு, அதோட மேல இருந்த வீடும் போச்சு. எந்த அமேசானும் வந்து அந்தப் படியை இடிக்கல.

சரி, ஆளுக்குப் பஞ்சமா? எழுபதுகள்ல சிப்காட் வந்துச்சு. அப்புறம் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். இப்ப டாடா எலெக்ட்ரானிக்ஸ். 2019-ல ஊர் மாநகராட்சி ஆயிடுச்சு. 2024 ஜூன்ல ஏர்போர்ட் வருதுன்னு சட்டசபையில அறிவிச்சாங்களா, விளைநிலத்துல கல்லு நடுறது இன்னும் வேகமாயிடுச்சு. வீடெல்லாம் வெளிய போகுது, நடு ஊர் மாடியில அட்டைப்பெட்டி தூங்குது.

அரசாங்கமும் இதுக்குத்தான் கொடி பிடிக்குது. 2024 ஜூலையில சுயசான்றிதழ் திட்டம் வந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா ஆன்லைன்லயே உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லல. ஆனா அது காலி மனையில கட்டற புது வீட்டுக்கு. கடைக்கு மேல காலியா கிடக்கற பழைய மாடியைத் திரும்ப வீடாக்கறவனுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கோ ஊருக்கு வெளிய ஹாஸ்டல். வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற மாதிரி சிப்காட் கட்டி 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. நம்ம பக்கம் நாகமங்கலத்துல 2025 நவம்பர்ல ஹாஸ்டல்ல ரகசிய கேமரான்னு ஆயிரக்கணக்குல பொண்ணுங்க ராத்திரியில போராடினது ஞாபகம் இருக்கா? ஷிப்ட், பஸ், கட்டில், மறுபடி ஷிப்ட். சம்பாதிக்கற பொண்ணு ஒரு ஸ்டீல் டம்ளர் வாங்கக்கூட பஸ் பிடிச்சு டவுனுக்கு வரணும்.

டவுன்ல வாடகைக்குக் கேட்டா? "பேமிலிக்கு மட்டும்." "சைவமா?" "எந்த ஊரு, என்ன ஆளுங்க?" கஸ்டமர் வரலன்னு அழற அதே வாய்தான் இதையும் கேட்குது. ஒடிசாப் பையன் கீழ குக்கர் வாங்கலாம், மேல அதுல சமைக்கக் கூடாது. என்னங்க நியாயம் இது?

உடனே "அப்ப எல்லா மாடியையும் தடுத்து ரூம் போட்ரலாமா"ன்னு யாராவது வருவீங்க. வேணாம். இங்கிலாந்துல 2013-ல ஆபீஸ் கட்டடங்களை முழு பிளானிங் அனுமதி இல்லாமலே வீடாக்கலாம்னு விட்டாங்க. ஜன்னலே இல்லாத பொந்தெல்லாம் வீடுன்னு வந்துச்சு. அப்புறம்தான் 2020-ல வெளிச்சம் கட்டாயம், 2021-ல குறைஞ்சபட்ச அளவு கட்டாயம்னு விதி போட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு விதி இல்லாம விட்டா ஒரு மாடியில நாப்பது கட்டில் போட்டு லாட்ஜ் ஆக்கிடுவாங்க. தீ வேற. 2017-ல தி.நகர் சென்னை சில்க்ஸ் எரிஞ்சப்ப மேல இருந்த ஊழியர்களைத் தீயணைப்புக்காரங்கதான் மீட்டாங்க, கட்டடத்தையே இடிக்க வேண்டியதாச்சு. கடைக்குள்ள ஏறுற ஏணியை நம்பி மேல மனுசங்களை வைக்க முடியாது.

அதனாலதான் படிக்கட்டுலயே நிக்கிறேன். தெருவுல இருந்து தனி வழி, தனி வீட்டு மீட்டர் (அப்பதான் ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம்), தனித் தண்ணித் தொட்டி, காத்து வர ஜன்னல். இதைச் செய்யற ஓனருக்கு மாநகராட்சி சொத்துவரியில கொஞ்ச வருஷம் விட்டுக்கொடுக்கட்டும். மாடியை குடோனாவே வெச்சிருக்கறவருக்கு ஏத்தட்டும். வரி ஏறுனாதான் இவங்க காதுல விழும்.

பெரியப்பா கிட்ட இதைச் சொன்னேன். "மூணரை அடி போனா ஷோகேஸை எங்கடா வைக்கிறது?"ன்னார். "அதைப் பார்க்க யாரு வர்றாங்க பெரியப்பா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வழக்கமா பைக் வரைக்கும் வந்து வழியனுப்பறவர், அன்னிக்கு வரல.

ரெண்டு நாள் கழிச்சு பெரியம்மா போன். கடைக்கு ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய் அளவு எடுத்தாராம். படிக்கட்டுக்கா, ஷோகேஸை இன்னும் பெருசாக்கவான்னு வாயைத் திறக்க மாட்டேங்கறாராம்.

டிஸ்கி: பார்க்கிங் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வரிசையா வந்து திட்டலாம். வண்டியை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க :)