நாய்க்குட்டிக்கு முத்தே மட்டும் போதுமா?

நஞ்சன்கூட்டிற்குப் பிழைக்க வந்த நம்மவர் வீடுகளிலும் இராகி முத்தே ஒருவேளை உணவாகிவிட்டது. மிஞ்சிய உருண்டையைச் சாம்பாரில் பிசைந்து நாய்க்கு வைப்பதும் வழக்கமாயிற்று. அது வாலாட்டித் தின்கிறது. ஆனால் விரும்பித் தின்பதெல்லாம் அதற்கு ஏற்றதாகிவிடாது.

100 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் ஏறக்குறைய 7 கிராம்தான். வளரும் குட்டியின் உணவிலோ, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், நூற்றுக்கு 22.5 பங்காவது புரதம் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். ஆகையால் முத்தேயைக் குறைத்து, வேகவைத்த முட்டையையோ, முள் நீக்கிய மீனையோ, எலும்பில்லாத கோழி இறைச்சியையோ கூட்டிக் கொடுங்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

சாம்பாரை முற்றிலும் விலக்குங்கள். வெங்காயமும் பூண்டும் வெந்தபின்னும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். முதல் நாளில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். சில நாட்களில் ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அப்பொழுது கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திராட்சையும் ஆகாது. இவ்வூரின் பெயர்பெற்ற ரசபாளே வாழைப்பழத்தில் ஒரு துண்டு கொடுக்கலாம். அதன் விலைதான் நம் கையைக் கடிக்கும்!

கடையில் பொட்டல உணவு வாங்குவோர் புரத எண்ணை மட்டும் நம்பவேண்டாம். 2007-ல் வட அமெரிக்காவில் விற்கப்பட்ட நாய், பூனை உணவுகளில் சேர்த்த கோதுமைப் புரதத்தில், அந்த எண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக மெலமைன் கலந்திருந்தது. பல பிராணிகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. முழுமையான உணவா, குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதையும், முதலில் குறித்துள்ள பொருள் இறைச்சியா தானியமா என்பதையும் உறையில் பாருங்கள். எதை மாற்றினாலும் ஏழு நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.